மூளைக்குப் பரவும் புற்றுநோய்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ‘அந்த வியாதி’ என்போம். பக்கத்து வீட்டார் காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொள்வோம். சென்ற மாதம் சுனாபட்டி ஸ்டேஷனுக்கு வெளியே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது, பல வருஷப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் அப்படித்தான் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவருடைய மனைவிக்கு நான்கு வருஷத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, சிகிச்சையும் முடிந்திருந்தது. இப்போது தலையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிகிறதாம். “ஒரு கான்சர் போதாதென்று மூளைக் கான்சர் வேறு வந்துவிட்டதே சார், ஒரே ஆளுக்கு இரண்டு வருமா?” என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்வியை எங்கள் குடும்பத்தில் 2017-ஆம் வருஷம் நாங்களே கேட்டிருக்கிறோம். அதற்குப் பதில் தெரியாததாலும், தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் மறைத்ததாலும் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

இரண்டு நோயா, ஒரே நோயா?

நண்பரின் கேள்விக்கு நேரான பதில்: அது பெரும்பாலும் ஒரே நோய்தான். மார்பில் தோன்றிய புற்றணுக்கள் மூளையில் போய்க் குடியேறினால் அதற்குப் பெயர் மூளைப் புற்றுநோய் அல்ல. மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய். அந்தக் கட்டியில் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மார்பகத்து அணுக்கள்தான் தெரியும், மூளையின் அணுக்கள் அல்ல. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் இருபது வருஷம், சுனாபட்டியில் இருபது வருஷம் இருந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் திருநெல்வேலி என்றுதான் சொல்வார். பேச்சும் குணமும் பிறந்த ஊருடையதாகத்தான் இருக்கும். இந்த அணுக்களும் அப்படியே. எந்த மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்பதெல்லாம் அவை பிறந்த இடத்தைப் பொறுத்தது.

மூளையிலேயே பிறக்கும் புற்றுநோய்களும் உண்டு. ஆனால் பெரியவர்களின் மூளையில் காணப்படும் புற்றுக்கட்டிகளில் வெளியிலிருந்து வந்தவையே அதிகம்.

எப்படி வருகின்றன? எட்டாம் வகுப்பில் ரத்த ஓட்டப் படம் வரைந்தது நினைவிருக்கும். மார்பிலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ பிரிந்த புற்றணு சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலுக்குள் நுழைகிறது. அங்கே நூலிழையை விட மெல்லிய குழாய்களில் பல அணுக்கள் சிக்கிக்கொள்ளும். தப்பியவை இதயத்தின் இடப்பக்கம் வந்து, தமனி வழியே உடம்பெங்கும் போகும். நுரையீரலிலேயே பிறந்த புற்றணுவுக்கு இந்தச் சல்லடை கிடையாது, நேராக இடப்பக்க இதயத்துக்கு வந்துவிடும். மூளைக்குப் பரவுவதில் நுரையீரல் புற்றுநோய் முதலிடத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம். அடுத்து மார்பகம். பிறகு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், சிறுநீரகம், பெருங்குடல். நம் நாட்டில் மிகுதியாகக் காணும் வாய்ப் புற்றும் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் மூளைக்குப் போவது அபூர்வம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புகையிலை போட்டு வாயில் புண் வந்த ஒருவர், தலைவலி வந்த அன்றே மூளைக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டி எங்கள் தெருவில் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார்.

உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 சதவீதம் அளவுக்கு அதற்குப் போகிறது. மூளையின் மேலோட்டுச் சாம்பல் நிறப் பகுதியும் உள்ளே இருக்கும் வெண்மைப் பகுதியும் சேருமிடத்தில் ரத்தக் குழாய்கள் சட்டென்று குறுகுகின்றன. மிதந்து வரும் அணுக்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்குகின்றன. சிக்கியதெல்லாம் முளைப்பதில்லை. 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்ற லண்டன் டாக்டர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, விதை எங்கும் விழலாம், ஒத்துப்போகும் மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை எழுதினார். நூற்றாண்டு தாண்டியும் அது பாடமாக இருக்கிறது.

மூளைக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. அதன் ரத்தக் குழாய்ச் சுவர்கள் நெருக்கமாகத் தைத்தவை போன்றவை. கண்ட பொருளையும் உள்ளே விடாது. வாட்ச்மேன் இருக்கும் சொசைட்டி கட்டிடம் மாதிரி. இது நமக்குப் பாதுகாப்புதான். ஆனால் கீமோ மருந்துகளில் பலவும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. உடம்பில் நோய் அடங்கியிருக்கும்போதே மூளையில் மட்டும் அது தலைகாட்டுவது இதனால்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அண்ணன் சம்சாரம், மதினி, தாராவியில் இட்லி வியாபாரம் செய்துவந்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் ஏழு மணிக்குள் முந்நூறு இட்லி தயார். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. 2011-இல் அவருக்கு மார்பில் ஒரு சிறு கட்டி. புற்றுநோய் என்றார்கள். கட்டியையும் அதைச் சுற்றிய சதையையும் மட்டும் எடுத்து, மார்பை விட்டுவைக்கும் ஆபரேஷன் நடந்தது. பிறகு கீமோ, பிறகு ‘கரண்ட்’. எல்லாம் நல்லபடி முடிந்தது. ஊருக்குச் சொன்னதோ வேறு. கர்ப்பப்பை ஆபரேஷன் என்றோம். கீமோவில் முடி கொட்டியபோது, திருச்செந்தூருக்கு நேர்ந்து முடி இறக்கியதாகச் சொன்னோம். மகளுக்கு வரன் பார்க்க வேண்டிய வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்க்கு அந்த வியாதி என்றால் யார் வருவார்கள் என்பது அண்ணனின் பயம். நானும் சரி என்றேன்.

2017 பொங்கலுக்குப் பிறகு மதினியிடம் மாற்றம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் தலைவலி, குமட்டல். ஒன்பது, பத்து மணிக்குச் சரியாகிவிடும். கண்ணாடி மாற்றினோம். பிறகு சட்னியில் உப்பை இரண்டு தடவை போட்டார். இட்லித் தட்டின் இடப்பக்கக் குழிகளில் மாவு ஊற்றாமலே மூடி வைத்தார். கேட்டால், எல்லாம் ஊற்றியாயிற்று என்று சண்டைக்கு வந்தார். அதற்கு முன் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முந்தானையைச் செருக இடக்கை சரியாக வரவில்லை. “மதினிக்கு மகள் கல்யாணக் கவலை” என்று நான் சொன்னேன். யாரோ கண் பட்டது என்றார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டோம்.

மூளையின் வலப்பக்கம் உடம்பின் இடப்பக்கத்தை ஆள்கிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். மாவு ஊற்றாத அந்த இடப்பக்கக் குழிகளைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு காலை வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கப் பின்பகுதியில் வளையம் போல ஒரு கட்டி, அருகில் இரண்டு சிறியவை, சுற்றிலும் வீக்கம். டாக்டர் எங்களிடம், இதற்கு முன் ஏதாவது பெரிய நோய் வந்ததா, ஆபரேஷன் எதுவும் நடந்ததா என்று கேட்டார். கூடவே வரன் வீட்டாருக்கு வேண்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அண்ணன், “ஒன்றும் கிடையாது” என்று இந்தியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டில் என்றால் அந்த வளையத்தைப் பார்த்ததும் புற்றுநோயைத்தான் முதலில் நினைத்திருப்பார்கள். நம் நாட்டில் அப்படி அல்ல. மூளையில் டி.பி. கட்டியும் ஸ்கேனில் இதே போல வளையமாகத் தெரியும். பன்றியின் நாடாப்புழு முட்டை அசுத்தமான உணவு வழியே உடம்பில் சேர்ந்து மூளையில் உண்டாக்கும் நீர்க்கட்டியும் சில சமயம் அப்படித் தெரியும். தாராவி போன்ற நெருக்கமான இடத்தில் வாழும், வேறு நோய் எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு வலிப்பும் வளையமும் இருந்தால் டி.பி. என்று சந்தேகிப்பது நியாயமே. மார்பு முழுதாக இருந்ததால் மார்பு எக்ஸ்ரேயிலும் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. டி.பி. மாத்திரைகளும், வலிப்புக்கு மாத்திரையும், வீக்கம் குறைய ஸ்டிராய்டும் கொடுத்தார்கள்.

ஐந்தே நாளில் மதினி எழுந்து நடந்தார். தலைவலி போயிற்று. இட்லித் தட்டில் எல்லாக் குழியிலும் மாவு விழுந்தது. டி.பி.தான், நல்ல காலம் என்று அண்ணன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். உண்மையில் வேலை செய்தது ஸ்டிராய்டு மருந்து. கட்டி எதுவானாலும் அதைச் சுற்றிய நீர் வீக்கத்தை அது வடியவைக்கும். கட்டி அப்படியே இருக்கும். ஸ்டிராய்டை டாக்டர் படிப்படியாகக் குறைத்தபோது எல்லாம் திரும்பி வந்தன, முன்னை விட அதிகமாக. அப்படி ஏழு வாரம் போயிற்று.

எட்டாவது வாரம் நான் மட்டும் போய் டாக்டரிடம் 2011 கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பழைய ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அது பரணில், பழைய இட்லிக் கொப்பரைக்குள், வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. அதில் ஹெர்-2 என்ற சோதனையின் முடிவு இருந்தது. அந்தப் புரதம் மிகுந்திருக்கும் மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பெரிய கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சோதனையில் டி.பி. இல்லை, மார்பகத்து அணுக்கள் என்று உறுதியாயிற்று. தலைக்குக் கதிர் சிகிச்சையும் நடந்தது. மதினி அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். அந்த ஏழு வாரத்தால் எவ்வளவு குறைந்தது என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். அதைக் கணக்குப் போட முடியாது என்றார். எனக்கு இரங்கி அப்படிச் சொன்னாரோ என்னவோ.

நாங்கள் யாருக்காக மறைத்தோமோ அந்த வரன், நகைக் கணக்கில் பேச்சு முறிந்து போயே போய்விட்டது.

என்னென்ன அடையாளங்கள்?

தலைவலி நூற்றுக்கு நூறு பேருக்கும் வருவது. பெரும்பாலான தலைவலிக்குக் கட்டி காரணமே அல்ல. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் தலைவலிதான் கவனிக்க வேண்டியது. முக்கியமாக விடியற்காலையில் அதிகமாகி, வாந்தியுடன் வந்தால் தாமதிக்கக் கூடாது. படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடுவதால் காலையில் அப்படி இருக்கும்.

மற்றவை கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தவை. நெற்றிக்குப் பின்னால் இருந்தால் குணம் மாறும்: சாந்தமானவர் எரிந்து விழுவார், சுறுசுறுப்பானவர் எதிலும் பற்றில்லாமல் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையில் பேச்சு இருப்பதால் அங்கே கட்டி வந்தால் சொல் வராமல் தடுமாறுவார்கள். பின்மண்டையில் பார்வை. கீழே சிறுமூளையில் இருந்தால் நடை தள்ளாடும். தண்ணி போட்டவர் போல நடக்கிறார் என்று ஒருவரைப் பற்றித் தெருவே பேசியதுண்டு. ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது பக்கவாதம் போலவே இருக்கும். நம் வீடுகளில் இதையெல்லாம் வயசு, பிடிவாதம், மாமியார் மருமகள் சண்டை என்று வைத்துக்கொள்கிறோம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் பயனில்லை. வாயில் ஸ்பூனையோ துணியையோ திணிப்பது ஆபத்து. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தில் இறுக்கமானதைத் தளர்த்தி, மணி பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் நிற்காவிட்டாலும், முதல் தடவை வந்த வலிப்பானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு வந்தவர் தனியாக அடுப்படியில் நிற்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, லோக்கல் ரயிலில் வாசல் பக்கம் நிற்கவே கூடாது.

ஸ்கேனும் சிகிச்சையும்

மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்க்கும் வசதி வந்தது 1971-இல். லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற என்ஜினீயர் உருவாக்கிய சி.டி. ஸ்கேனில் அந்த வருஷம் முதல் நோயாளியைப் பார்த்தார்கள். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சிறு கட்டிகளைக் காண்பதற்கு, ஊசி மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. தான் மேல். ஆனாலும் ஸ்கேன் கட்டியைக் காட்டுமே தவிர, எல்லாச் சமயத்திலும் அதன் பெயரைச் சொல்லாது. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே புற்றுநோய் இருந்து மூளையில் ஒரே கட்டியுடன் வந்த 54 பேரைச் சேர்த்தார்கள். சதை எடுத்துப் பார்த்தபோது 6 பேருக்கு அது பரவிய புற்றே அல்ல. வேறு கட்டி, அல்லது கிருமி, அழற்சி. நண்பரிடம் ‘பெரும்பாலும்’ என்று நான் இழுத்துச் சொன்னது அதனால்தான். டாக்டர் சதைச் சோதனை வேண்டும் என்றால் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள். கத்தி பட்டால் கட்டி பரவும் என்று பயந்து மறுக்கவும் வேண்டாம்.

அதே ஆய்வில் மிச்சமிருந்த 48 பேரில், கட்டியை எடுத்துவிட்டுக் கதிர் சிகிச்சை கொடுத்தவர்களின் நடுத்தர ஆயுள் 40 வாரம். கதிர் மட்டும் பெற்றவர்களுக்கு 15 வாரம். ஒரே கட்டி, எடுக்கக் கூடிய இடம், உடம்பில் மற்ற நோய் கட்டுக்குள் இருப்பது, இவை சேர்ந்தால் ஆபரேஷன் என்ற வழக்கம் இதிலிருந்து உறுதிப்பட்டது.

ஸ்டிராய்டைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். டெக்ஸாமெதசோன் என்ற மருந்து மூளை வீக்கத்துக்கு 1961 முதல் பயன்பட்டு வருகிறது. அது தரும் நிம்மதி பெரிது. அதற்குரிய தொல்லைகளும் உண்டு: சர்க்கரை ஏறும், பசி அதிகமாகும், ராத்திரி தூக்கம் வராது, முகம் உப்பும், தொடை பலம் குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு, டாக்டர் சம்மதித்தால் காலையிலும் பகலிலுமாக முடித்துக்கொள்வது தூக்கத்துக்கு நல்லது. நன்றாக இருக்கிறாரே என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து மருந்து வருவதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ஆளே சாய்ந்துவிடுவார்.

கதிர் சிகிச்சையில் இரண்டு வகை. தலை முழுவதற்கும் கொடுப்பது ஒன்று. வழக்கமாக 10 நாள், நாளுக்குச் சில நிமிஷம். முடி கொட்டும், சோர்வு வரும், சில மாதங்கள் கழித்து ஞாபக சக்தி மங்கலாம். ஞாபகத்துக்குரிய பகுதியைத் தவிர்த்துக் கதிர் செலுத்தினால் இந்தத் தொல்லை குறைகிறது என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. மற்றது, பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியின் மேல் மட்டும் குவிப்பது. லார்ஸ் லெக்ஸெல் என்ற ஸ்வீடன் டாக்டரின் காமா நைஃப் கருவி 1968-இல் தொடங்கி வைத்த முறை இது. பெயரில்தான் கத்தி, உண்மையில் கீறலே கிடையாது. கட்டிகள் சிலவாகவும் சிறியவையாகவும் இருந்தால் இதுவே ஏற்றது.

எல்லோருக்கும் கதிர் வேண்டும் என்பதும் இல்லை. நுரையீரல் புற்று மூளைக்குப் பரவி, ஆபரேஷனுக்கோ குவிகதிருக்கோ ஏற்ற நிலையில் இல்லாதவர்களிடம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓர் ஆய்வு நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். தலை முழுவதற்கும் கதிர் கொடுத்தவர்களுக்கும், ஸ்டிராய்டும் நல்ல பராமரிப்பும் மட்டும் கொடுத்தவர்களுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் தளர்ந்த ஒருவருக்கு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று சண்டை போடுகிறோம். அது சில சமயம் நல்ல யோசனைதான்.

இனி மருந்து. கடந்த இருபது வருஷத்தில் பெரிய மாற்றம் இங்கேதான். நுரையீரல் புற்றில் ஒரு வகைக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் காரணம். பீடி, சிகரெட் தொடாதவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பரேல் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 907 நோயாளிகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 23 சதவீதம் பேருக்கு இந்த மாற்றம் இருந்தது. இவர்களுக்கு மாத்திரையே சிகிச்சை. பின்னால் வந்த ஆசிமெர்டினிப் போன்றவை மூளையின் அந்த வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே போகின்றன. ஹெர்-2 மார்பகப் புற்றுக்கும் டுகாடினிப் என்ற மருந்து மூளைக் கட்டிகளிலும் பலன் தருவதை 2020 ஆய்வு காட்டியது. மதினிக்கு அது காலம் கடந்து வந்த மருந்து. விலை இன்னும் நம் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஃபைலில் மரபணுச் சோதனை இல்லையென்றால், செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில், தம் 90-ஆவது வயதில், மெலனோமா மூளைக்குப் பரவி நான்கு புள்ளிகளாக இருந்தது. குவிகதிரும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய ஊசியும் கொடுத்தார்கள். டிசம்பரில் புள்ளிகள் காணவில்லை. 2024 டிசம்பரில் 100 வயதில் இறந்தார். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996-இல் விரைப்புற்று மூளை வரை போன நிலையிலிருந்து மீண்டவர். பிற்பாடு ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்களை இழந்தது வேறு கதை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொன்னால் அது பொய். பலருக்குக் கணக்கு மாதங்களில்தான். ஆனால் மூளைக்குப் போனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பழைய பேச்சும் இன்று சரியல்ல.

மும்பையில் இருப்பவர்களுக்கு

நாம் இருக்கும் இடம் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த இடம். 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா மெமோரியல் நமக்குப் பக்கத்தில் பரேலில். அதன் ஆராய்ச்சிக் கிளை கார்கரில், சுனாபட்டியிலிருந்து ஹார்பர் லைனில் நேரே போகலாம். ஊரிலிருந்து வரும் உறவினர் தங்குவதற்குத் தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை இருக்கிறது. கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள பாந்த்ராவில் சாந்தி அவேத்னா சதன் 1986 முதல் நடக்கிறது. சென்னைப் பக்கம் திரும்பிவிட எண்ணுபவர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உண்டு.

நோயாளியிடம் சொல்லலாமா என்ற கேள்வி ஒன்று பாக்கி. மதினியிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி அவரே என்னைக் கூப்பிட்டு, “தம்பி, பழைய வியாதிதானே தலைக்கு ஏறிருக்கு? உங்க அண்ணன்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க” என்றார். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான். மறுநாள் காலையில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. பிறகு இட்லிக் கடன் யார் யாரிடம் நிற்கிறது, மகளின் சீட்டுப் பணம் எந்த மாதம் எடுக்க வேண்டும், ஊர் வீட்டுப் பத்திரம் எங்கே என்று எல்லாவற்றையும் மதினி சொன்னார். மகளுக்குக் கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே அண்ணன் நோயைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தாயார் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று விசாரித்தார், அவ்வளவுதான்.

காய்கறிக் கடையில் பார்த்த நண்பர் மறு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜவுளிக் கடைப் பையில் மனைவியின் காகிதங்களையெல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினோம்: எந்த வருஷம், எந்த மார்பு, என்ன ஆபரேஷன், சதைச் சோதனையின் எண், ஹெர்-2 முடிவு, கொடுத்த கீமோவின் பெயர், கதிர் எத்தனை நாள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அதை மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். ஒன்று ஃபைலில், ஒன்று அவர் சட்டைப் பையில். மூன்றாவதை அந்த அம்மா தன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தனுப்பினேன்.